போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு எந்த இயங்குதளம்? டெபியன், ரெட் ஹேட் குடும்பம், ஃப்ரீபிஎஸ்டி: ஓர் ஒப்பீடு

தரவுத்தள சர்வருக்கு இயங்குதளம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ‘எது வேகம்?’ என்பதைத்தான். ஒரே வன்பொருளில் ஒரே அமைப்புகளோடு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை ஓட்டினால் டெபியனுக்கும் ரெட் ஹேட் குடும்பத்தைச் சேர்ந்த அல்மாலினக்ஸுக்கும் இடையே தெரியும் வேறுபாடு மிகச் சிறியது. போட மறந்த ஒரே ஒரு இன்டெக்ஸ் (வரிகளைச் சட்டெனத் தேட உதவும் பட்டியல்) அதைவிடப் பல மடங்கு நேரத்தைத் தின்றுவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. டிஸ்க் எழுத மறுக்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை ஒளிக்காமல் சொல்கிறதா? மெமரி தீர்ந்துபோனால் யாரைக் கொல்கிறது? நான்கு வருடம் கழித்துப் புதிய பதிப்புக்குப் போகும்போது பழைய இன்டெக்ஸ்களை நம்பலாமா? நல்ல நாளில் எல்லா இயங்குதளமும் நன்றாகத்தான் ஓடும். அவை வேறுபடுவது கெட்ட நாளில்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஓர் அளவை வைத்துக்கொள்வோம். 64 ஜிபி மெமரி, மிரர் செய்யப்பட்ட இரண்டு என்விஎம்இ டிஸ்க், 400 ஜிபி அளவுக்குத் தரவு, ஒரு பிரைமரி (முதன்மை சர்வர்), ஒரு ஸ்டாண்ட்பை (அதன் நகலாக ஓடும் மாற்று சர்வர்), உச்ச நேரத்தில் 300 இணைப்புகள். பார்த்துக்கொள்ள இரண்டு பேர், அவர்களுக்கும் வேறு வேலைகள் உண்டு. நடுத்தர மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் இருப்பது ஏறக்குறைய இந்த அளவுதான்.

இந்த அளவுக்கு எங்கள் தேர்வு டெபியன் ஸ்டேபிள், போஸ்ட்கிரெஸ் திட்டமே நடத்தும் ஆப்ட் பேக்கேஜ் களஞ்சியத்தோடு. ரெட் ஹேட் குடும்பத்துக்கோ, லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டிக்கோ போக நல்ல காரணங்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் மக்கள் சொல்லும் காரணங்கள் அல்ல.

எழுதிவிட்டேன் என்று கெர்னல் சொல்வதன் பொருள்

போஸ்ட்கிரெஸ் மாற்றங்களை முதலில் ‘வால்’ எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்பில் எழுதும். தரவுக் கோப்புகளுக்கான பக்கங்களைக் கெர்னலின் பக்கத் தேக்கத்தில் விட்டுவைத்து, அவ்வப்போது வரும் செக்பாயிண்டில் எஃப்சிங்க் என்ற கெர்னல் அழைப்பைச் செய்து ‘இப்போது டிஸ்க்குக்குக் கொண்டுபோ’ என்று கேட்கும். எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பினால், அதுவரையிலான வால் இனித் தேவையில்லை என்று முடிவுசெய்து அதை மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்தின் நம்பகத்தன்மை முழுவதும் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது.

2018இல் போஸ்ட்கிரெஸ் மேம்பாட்டாளர்கள் இதில் ஒரு பெரிய ஓட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். லினக்ஸில் ஒரு பக்கத்தை டிஸ்க்கில் எழுத முடியாமல் போனால், கெர்னல் பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை ‘எழுதியாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸோ பிழை வந்ததும் செக்பாயிண்டை மறுபடி முயலும். இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும், ஏனென்றால் கெர்னலின் கணக்கில் எழுத வேண்டியது எதுவும் மிச்சமில்லை. தரவு டிஸ்க்கில் இல்லை, அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாலும் போய்விட்டது, லாக்கிலோ எல்லாம் சுபம். ஃப்ரீபிஎஸ்டி இந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறது: எழுத முடியாத பக்கத்தை இன்னும் எழுதப்படாததாகவே வைத்திருந்து மறுபடி முயலும்.

2019 பிப்ரவரியில் வந்த சிறு வெளியீடுகளில் (11.2, 10.7, 9.6.12 முதலியவை) போஸ்ட்கிரெஸ் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வர் பேனிக் ஆகி நின்று, வாலிலிருந்து மீண்டு வரும். கெர்னலும் 4.13 பதிப்பிலிருந்து பிழைகளை ஒழுங்காகத் தெரிவிக்கத் தொடங்கியது. ஆகவே இன்றைய டெபியன், இன்றைய ரெட் ஹேட், இன்றைய போஸ்ட்கிரெஸ் என்றால் இந்தப் பழைய பூதம் அடங்கிவிட்டது. இதற்காக மட்டும் லினக்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். எஃப்சிங்க் பிழையால் சர்வர் நின்றால், மறுபடி ஏற்றி ‘ஓடுகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள், டிஸ்க்கைப் பாருங்கள். கேட்டதைவிடக் குறைவான உண்மை இடத்தோடு ஒதுக்கப்படும் மெல்லிய வால்யூம்களிலும் நெட்வொர்க் வழி வரும் சேமிப்பிலும் இவ்வகைப் பிழை உள்ளூர் டிஸ்க்கைவிட அதிகம் வரும். இடம் தீர்ந்துபோவது, எழுத ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரியவரும் என்பதே காரணம்.

எந்த இயங்குதளமாக இருந்தாலும் தரவை ஏற்றுவதற்கு முன் போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 120. அதில் நொடிக்கு 2000 எஃப்சிங்க் என்று கணக்கு வந்தால் நடுவில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது: டிஸ்க்கின் எழுது-தேக்கமோ, மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்போ. பேட்டரி உள்ள ரெய்டு கன்ட்ரோலர் என்றால் அந்த வேகம் நியாயமானது. எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே மின்தடைப் பாதுகாப்பு மின்தேக்கி உள்ள சர்வர் ரகமா, மேசைக் கணினி ரகமா என்பதே கேள்வி. இரண்டாவது ரகத்தை வாங்கிவிட்டு இயங்குதளத்தைப் பற்றி விவாதிப்பது வீண்.

வரிசை மாறினால் இன்டெக்ஸ் பொய்யாகும்

இந்த ஒப்பீட்டில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். லினக்ஸில் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகத் தானே முடிவுசெய்வதில்லை. சி நூலகமான ஜிலிப்சியிடம் கேட்கிறது. பி-ட்ரீ இன்டெக்ஸ் என்பது அந்த வரிசையில் அடுக்கி வைத்த மரம். நூலகம் தன் வரிசையை மாற்றிக்கொண்டால் மரம் பழைய வரிசையிலும் தேடல் புதிய வரிசையிலும் நடக்கும். இருக்கும் வரி இல்லை என்று பதில் வரும். யூனிக் கட்டுப்பாடு உள்ள நெடுவரிசையில் அதே மின்னஞ்சல் இரண்டு முறை ஏறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அப்படித்தான் வரிசையைப் பெரிய அளவில் மாற்றியது. டெபியன் 9இல் இருந்தது 2.24, டெபியன் 10இல் 2.28. ரெட் ஹேட் 7இல் 2.17, 8இல் 2.28. உபுண்டு 18.04இல் 2.27, 20.04இல் 2.31. இந்த எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு சர்வரிலும் எழுத்துவகை இன்டெக்ஸ்கள் அனைத்தையும் மறுபடி கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்ட சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதல் வேலையாக, இன்டெக்ஸ் பழுதைச் சோதிக்கும் பிஜி_ஆம்செக் கருவியை, ஹீப் (அட்டவணை) வரிகளையும் ஒப்பிடும் விருப்பத்தோடு ஓட்டுங்கள்.

இதில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, பிரைமரி ஒரு பதிப்பிலும் ஸ்டாண்ட்பை வேறு பதிப்பிலும் இருப்பது. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும், எந்தக் குறையும் சொல்லாது. ஸ்டாண்ட்பையில் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான விடை வரும். அதைவிட மோசம், பிரைமரி விழுந்த இரவில் அந்த ஸ்டாண்ட்பைதான் பொறுப்பேற்கும். இரண்டாவது, போஸ்ட்கிரெஸ் பெரும்பதிப்பை மாற்றும் பிஜி_அப்கிரேடு கருவி. இது இன்டெக்ஸ் கோப்புகளை அப்படியே எடுத்துச்செல்வதால் வரிசைச் சிக்கலையும் கூடவே எடுத்துச்செல்லும். மூன்றாவது, கன்டெய்னர். டோக்கரில் டெபியன் படிமத்தோடு உருவாக்கிய வால்யூமை, அளவு சிறியது என்பதற்காக ஆல்பைன் என்ற சிறு லினக்ஸின் படிமத்துக்கு மாற்றுகிறார்கள். ஆல்பைனில் இருப்பது ஜிலிப்சி அல்ல, மசல். மசல் மொழிவாரி வரிசையைப் பார்ப்பதில்லை, பைட் வரிசையில்தான் அடுக்கும். ஒரே வரி மாற்றத்தில் எல்லா எழுத்து இன்டெக்ஸும் பழுது. ஆல்பைனைத் தரவுத்தளத்துக்கு நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுவே போதும்.

தமிழ்ப் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும், ‘ள’ என்பது ‘ழ’வுக்கு முன்னும் நிற்கிறது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் பைட் வரிசையில் அடுக்கினால் ‘பகல்’ முதலில் வந்து ‘பக்கம்’ பின்னால் போகும், ‘பள்ளம்’ வந்த பிறகே ‘பழம்’ வரும், ‘வனம்’ என்பது ‘வயல்’ என்பதற்கு முன்னால் ஏறிக்கொள்ளும். அகராதி பார்த்து வளர்ந்த எவருக்கும் உறுத்தும். யூனிகோடு வரிசைகளைத் தரும் ஐசியூ நூலகம் மெய்களை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நம் வரிசையில் வைக்கிறது.

இதற்கு எங்கள் ஏற்பாடு: போஸ்ட்கிரெஸ் 17 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், தரவுத்தளத்தின் இயல்பு வரிசையாக அதற்குள்ளேயே இருக்கும் சி.யூடிஎஃப்-8ஐ வையுங்கள். அது இயங்குதள நூலகத்தைத் தொடுவதே இல்லை, ஆகவே எந்த மேம்படுத்தலும் அதன் வரிசையைக் குலைக்காது. திரையில் தமிழ் அகரவரிசை வேண்டிய இடத்தில் மட்டும் ஆர்டர் பை பகுதியில் ஐசியூவின் தமிழ் கொலேஷனை (வரிசை விதியை) கேளுங்கள். அதற்கென்று இன்டெக்ஸ் போட்டிருந்தால், ஐசியூ பதிப்பு மாறும்போது மறுபடி கட்ட வேண்டியது அந்த இரண்டு மூன்று இன்டெக்ஸ்தான். பதிப்பு பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கையும் தரும்.

ஆதரவுக் காலம்: பத்து வருடம் யாருக்கு வேண்டும்?

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வெளிவந்தது 2022 மே. பராமரிப்பு 2032 மே வரை. அல்மாலினக்ஸ் 9, ராக்கி 9 இரண்டும் அதே காலத்தை ஒட்டியே போகின்றன. டெபியன் 12 வந்தது 2023 ஜூன்: மூன்று வருடம் முழு ஆதரவு, அதற்குமேல் நீண்டகால ஆதரவுக் குழுவின் பராமரிப்பில் 2028 ஜூன் வரை. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், அதற்கும் அதே ஐந்து வருடக் கணக்கு. உபுண்டு எல்டிஎஸ் பதிப்புகளுக்கு இயல்பாக ஐந்து வருடம், புரோ சந்தா எடுத்தால் பத்து.

பத்து வருடம் என்றதும் மனம் அங்கே சாயும். ஆனால் ஒரு போஸ்ட்கிரெஸ் பெரும்பதிப்புக்கு ஆதரவு ஐந்து வருடம்தான். வன்பொருளும் ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டிய நிலைக்கு வரும். புதிய இயந்திரம், புதிய இயங்குதளம், புதிய போஸ்ட்கிரெஸ் மூன்றையும் ஒரே முறையில் மாற்றுவதுதான் சிரமம் குறைந்த வழி. அப்படிப் பார்த்தால் டெபியனின் ஐந்து வருடம் போஸ்ட்கிரெஸின் ஐந்து வருடத்தோடு பொருந்திவிடுகிறது.

பத்து வருடம் உண்மையில் பயன்படுவது ஓரிடத்தில்: ரெட் ஹேட் 9இல் அந்தக் காலம் முழுவதும் ஜிலிப்சி அதே 2.34 பதிப்பில் நிற்கிறது. டெபியனில் ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலிலும் அது மாறும்: 11இல் 2.31, 12இல் 2.36, 13இல் 2.41. பழைய மென்பொருளைத் தொட முடியாமல், அதே சர்வரில் பிஜி_அப்கிரேடு மட்டுமே செய்துகொண்டு போக வேண்டிய நிறுவனத்துக்கு ரெட் ஹேட் குடும்பம் தருவது உண்மையான நிம்மதி. வங்கி மென்பொருளோ மருத்துவமனை மென்பொருளோ விற்றவர், சான்றளிக்கப்பட்ட இயங்குதளப் பட்டியல் கொடுத்து அதில் டெபியன் இல்லை என்றாலும் விவாதம் முடிந்தது. பட்டியலுக்கு வெளியே போனால் நெருக்கடியில் அவர் உதவிக்கு வரமாட்டார்.

ஆதரவுக் காலம் ஒரு வாக்குறுதிதான் என்பதையும் மறக்க வேண்டாம். சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை என்றிருந்தது. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்து 2021 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அல்மாவும் ராக்கியும் பிறந்ததே அதன் பின்விளைவாக. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வைக்கும் முறையைச் சுருக்கியபோது, அல்மா ‘ஒன்றுக்கொன்று அச்சு நகல்’ என்ற குறிக்கோளைக் கைவிட்டு, நிரல்கள் மாற்றமில்லாமல் ஓடும் அளவு இணக்கம் போதும் என்ற வழிக்குப் போனது. போஸ்ட்கிரெஸுக்கு இதனால் நடைமுறையில் பாதிப்பில்லை.

மெமரி தீரும் நாள்

லினக்ஸ் இருப்பதைவிட அதிக மெமரியைத் தருவதாக ஒப்புக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து ஒரு புரொசஸைக் கொல்லும். போஸ்ட்கிரெஸில் ஒரு பேக்எண்ட் (ஓர் இணைப்பைக் கவனிக்கும் புரொசஸ்) இப்படிக் கொல்லப்பட்டால், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் தாய்ப் புரொசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்சியைத் தொடங்கும். ஒருவர் போட்ட ஒரு கனமான ரிப்போர்ட்டுக்கு 300 பேரின் வேலை நிற்கும்.

தீர்வு எல்லா லினக்ஸுக்கும் ஒன்றே. கெர்னலின் ஓவர்கமிட் அமைப்பை 2 ஆக்குங்கள். அப்போது வரம்பு தாண்டிக் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ‘மெமரி இல்லை’ என்ற பிழை வரும், மற்றவர்கள் வேலை தொடரும். இங்கே பலர் சறுக்குவது, மெமரியில் எத்தனை சதவீதம் வரை தரலாம் என்ற விகிதத்தில். இயல்பான மதிப்பு 50. அதை அப்படியே விட்டால் 64 ஜிபி இயந்திரத்தில் கிட்டத்தட்ட பாதி வீணாகும். நம் அளவுக்கு: போஸ்ட்கிரெஸின் பகிர்ந்த தேக்கம் 16 ஜிபி, அது ஹியூஜ் பேஜில் (பெரிய மெமரிப் பக்கங்களில்). மீதி 48 ஜிபி. விகிதம் 80 வைத்தால் 38.4 ஜிபி, அதோடு ஸ்வாப் (டிஸ்க்கில் ஒதுக்கிய மாற்று மெமரி) 4 ஜிபி சேர்ந்து 42.4 ஜிபி வரம்பு. இது போதும்.

ஹியூஜ் பேஜ் ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு. 16 ஜிபியை 4 கேபி பக்கங்களாக வெட்டினால் சுமார் 42 லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு என்றால் ஒரு பேக்எண்டுக்கு 32 எம்பி. தேக்கம் முழுவதையும் தொட்டுவிட்ட 300 பேக்எண்டுகளுக்குச் சுமார் 9.4 ஜிபி, வெறும் முகவரிப் பதிவேட்டுக்கே. 2 எம்பி பக்கங்கள் என்றால் இது ஒன்றுமில்லாமல் போகும். எத்தனை பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதைப் போஸ்ட்கிரெஸ் 15 முதல் சர்வர் நிரலிடமே கேட்டு அறியலாம். 16 ஜிபிக்கு 8192 என்று கணக்குப் போட்டு ஒதுக்கினால் போதாது, பகிர்ந்த மெமரியில் வேறு பகுதிகளும் உண்டு. கெர்னல் தானாகப் பக்கங்களைச் சேர்க்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் என்பது வேறு, அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு லினக்ஸ் குணம்: எழுதாமல் தேங்கும் பக்கங்களின் பின்னணி வரம்பு இயல்பாக 10 சதவீதம். 64 ஜிபியில் அது 6 ஜிபிக்கும் மேல். அவ்வளவையும் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கொட்டும்போது சர்வர் சில நொடிகள் மூச்சுத் திணறும். சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் 256 எம்பி பின்னணி வரம்பாகவும், 1 ஜிபி உச்சமாகவும் வைத்துத் தொடங்கலாம்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் ஸ்வாப் தீர்ந்தால் புரொசஸ் கொல்லப்படும். ஆர்சி தொடக்க அமைப்புக் கோப்பில் போஸ்ட்கிரெஸுக்கு ஓஓஎம் பாதுகாப்பு என்று ஒரே வரி போட்டால் தாய்ப் புரொசஸ் தப்பிக்கும். பெரிய பக்கங்களைக் கெர்னல் தானாகவே சேர்த்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் ஃப்ரீபிஎஸ்டி சுத்தம்.

ஃப்ரீபிஎஸ்டிக்குப் போக ஒரே நல்ல காரணம்

அது இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் அது அடிப்படை அமைப்பின் பகுதி. டெபியனில் உரிமச் சிக்கலால் கெர்னலோடு வராது, ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் மாட்யூலை (கெர்னலோடு இணையும் பகுதியை) அங்கேயே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ரீபூட்டுக்குப் பிறகு தரவு டிஸ்க் மவுன்ட் ஆகாது. ரெட் ஹேட் அதைத் தருவதே இல்லை. உபுண்டு 16.04இலிருந்து கட்டிய மாட்யூலாகத் தருகிறது. லினக்ஸில்தான் இசட்எஃப்எஸ் வேண்டும் என்றால் உபுண்டுவே சரி.

தரவுத்தளத்துக்கு அது தருவது என்ன? ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை, மிரரில் ஒரு பக்கம் அழுகினால் மறு பக்கத்திலிருந்து தானே சரிசெய்துகொள்வது, ஒரு நொடியில் ஸ்னாப்ஷாட், எல்இசட்4 சுருக்கம். இயங்குதளத்தையே பூட் என்விரான்மென்டாக எடுத்துவைத்துவிட்டு மேம்படுத்தலாம், கெட்டுப்போனால் ஒரு ரீபூட்டில் பழையபடி.

ஆனால் அமைப்பதில் கவனம் வேண்டும். ரெக்கார்டு அளவு இயல்பாக 128 கேபி. போஸ்ட்கிரெஸ் பக்கமோ 8 கேபி. அப்படியே விட்டால் 8 கேபி மாற்றத்துக்கு 128 கேபியைப் படித்து எழுதும். 16 கேபி நல்ல நடுவழி, சுருக்கமும் ஓரளவு கிடைக்கும். ஏஆர்சி எனும் இசட்எஃப்எஸ்ஸின் மெமரித் தேக்கத்துக்கு உச்சவரம்பு போடாவிட்டால் ஃப்ரீபிஎஸ்டியில் அது கிட்டத்தட்ட மெமரி முழுவதையும் தன்னுடையதாக நினைத்துக்கொள்ளும். நம் இயந்திரத்தில் ஏஆர்சிக்கு 28 ஜிபி, போஸ்ட்கிரெஸ் பகிர்ந்த தேக்கத்துக்கு 8 ஜிபி என்று தொடங்கலாம். வாலை மறுபயன்பாடு செய்வதையும் முன்கூட்டிப் பூச்சியத்தால் நிரப்புவதையும் அணையுங்கள். பழைய இடத்தின் மேல் எழுதாத கோப்பமைப்பில் இரண்டும் வீண் வேலை. தரவும் வாலும் வெவ்வேறு டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ் உட்பிரிவில்) இருந்தால் ஸ்னாப்ஷாட்டை மேல்மட்டத்திலிருந்து ரிகர்சிவாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தது பேக்கப் ஆகாது. பூல் (டிஸ்க்குகளின் மொத்த இடம்) 80 சதவீதம் நிறைவதற்குள் புதிய டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பக்கங்களை வாலில் முழுமையாக எழுதிவைக்கும் முழுப் பக்க எழுத்தை அணைக்கலாம் என்ற ஆலோசனையை அடிக்கடி பார்ப்பீர்கள். இசட்எஃப்எஸ் பாதி எழுதிய பக்கத்தை ஒருபோதும் விட்டுவைக்காது என்பதால் அது சரியான வாதமே. ஸ்டாண்ட்பை, லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் இருந்தால் மட்டும் அணைக்கக் கூடாது. பிரைமரியின் வாலில் முழுப் பக்கங்கள் இல்லாதபோது, ஸ்டாண்ட்பையில் மின்சாரம் போய்க் கிழிந்த பக்கத்தைச் சரிசெய்ய எதுவும் இருக்காது.

விலை என்ன? போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியம் ஃப்ரீபிஎஸ்டிக்கு இல்லை, அதன் சொந்த போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். 14ஆம் வரிசைக்கு 2028 நவம்பர் வரை ஆதரவு என்றாலும், ஒரு புள்ளி வெளியீடு வந்த மூன்று மாதத்தில் முந்தையதைக் கைவிடுவார்கள். அசையாமல் உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் வரக்கூடியவருக்கு ஃப்ரீபிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் டெபியனோடு இருங்கள்.

பேக்கேஜும் அன்றாடமும்

டெபியனில் எங்களுக்குப் பிடித்தது கிளஸ்டர் (ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் நடத்தும் தரவுத்தளத் தொகுதி) கருவிகள். ஒரே இயந்திரத்தில் போஸ்ட்கிரெஸ் 16, 17 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், எது எந்தப் போர்ட்டில் என்று ஒரே கட்டளை காட்டும். அமைப்புக் கோப்புகள் தரவிலிருந்து பிரிந்து இடிசி அடைவில் இருக்கும். பேக்கப் எடுப்பவர் இதை மறந்து தரவு அடைவை மட்டும் எடுத்துவைப்பது வழக்கமான தவறு.

உபுண்டுவும் இதே கருவிகள்தான், ஆனால் தானியங்கி பாதுகாப்பு மேம்படுத்தல் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டுவின் சொந்த போஸ்ட்கிரெஸ் பேக்கேஜைப் பயன்படுத்தினால், பாதுகாப்புத் திருத்தம் வந்த காலையில் தரவுத்தளம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மேம்படுத்தலை அணைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ்களை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டு, அவற்றுக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

ரெட் ஹேட் குடும்பத்தில் 8, 9 பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் களஞ்சியத்தைச் சேர்க்கும் முன் இயங்குதளத்தின் போஸ்ட்கிரெஸ் மாட்யூலை முடக்க வேண்டும், இல்லாவிட்டால் பேக்கேஜே கண்ணில் படாமல் போகலாம். நிறுவியதும் கிளஸ்டர் தானாக உருவாகாது, செட்அப் நிரலை ஓட்ட வேண்டும். பெரிய சிக்கல் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. தரவு அடைவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால், உரிமையாளரும் அனுமதிகளும் சரியாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் எழ மறுக்கும். பலர் இந்த இடத்தில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். தேவையில்லை: புதிய பாதைக்கு போஸ்ட்கிரெஸ் தரவுக்கான கான்டெக்ஸ்டை (பாதுகாப்பு அடையாளத்தை) பதிவுசெய்து ரீஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் இரண்டு நிமிட வேலை. போர்ட்டை மாற்றினாலும் அதேபோல் பதிவுசெய்ய வேண்டும்.

சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி உள்ள எதிலும், மூல நிரலிலிருந்து தொகுத்து நீங்களே யூனிட் கோப்பு எழுதுவதாக இருந்தால் தொடக்க நேர வரம்பை முடிவிலி ஆக்குங்கள். இயல்பான 90 நொடியில் மீட்சி முடியாவிட்டால், பாதியிலேயே சிஸ்டம்டி சர்வரைக் கொன்றுவிடும்.

விண்டோஸ் சர்வரைப் பற்றிச் சுருக்கமாக: மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு அது இயல்பான வீடு. போஸ்ட்கிரெஸுக்கு இல்லை. இணைப்புக்கு ஒரு புரொசஸ் என்ற வடிவமைப்பு அங்கே விலை அதிகம், ஆன்டிவைரஸ் தரவுக் கோப்புகளைப் பிடித்துக்கொள்ளும், பிஜிபேக்ரெஸ்ட் போன்ற நல்ல பேக்கப் கருவி ஓடாது. வேறு வழியே இல்லையென்றால் தரவு அடைவை ஆன்டிவைரஸிலிருந்து விலக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

இப்போது இருப்பது தவறான தேர்வு என்று பட்டால், தரவு அடைவை ஆர்சிங்க்கால் அப்படியே நகலெடுத்துப் புதிய இயங்குதளத்தில் ஏற்றாதீர்கள். மேலே சொன்ன வரிசைச் சிக்கல் அப்படியே கூட வரும். 400 ஜிபிக்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (பைட்டுகளை அல்லாமல் வரிகளின் மாற்றங்களை அனுப்பும் முறை) சரியான வழி. புதிய சர்வரில் இனிட்டிபியால் கிளஸ்டரை உருவாக்கும்போது செக்சம்மை (பக்கப் பழுதைக் காட்டும் சரிபார்ப்புத் தொகையை) இயக்குங்கள் (18ஆம் பதிப்பில் அது இயல்பாகவே இருக்கும்), பழையதிலிருந்து ஸ்கீமாவை (அட்டவணைகளின் அமைப்பை) மட்டும் கொண்டுவாருங்கள், பழையதில் பப்ளிகேஷனும் (அனுப்பும் முனை) புதியதில் சப்ஸ்கிரிப்ஷனும் (பெறும் முனை) அமையுங்கள். வரிகள் புதிதாக எழுதப்படுவதால் இன்டெக்ஸ்கள் புதிய வரிசையிலேயே கட்டப்படும். பழைய சர்வரில் பழுதான யூனிக் இன்டெக்ஸ் வழியே நுழைந்த இரட்டை வரிகள் இருந்தால் நகல் அங்கேயே நின்றுவிடும். அவற்றைப் பழைய சர்வரில் தேடித் தீர்த்துவிட்டுத் தொடர வேண்டும். முதன்மைச் சாவி இல்லாத அட்டவணைகளுக்கு ரெப்ளிகா ஐடென்டிட்டியை (வரியை அடையாளம் காணும் விதியை) முன்பே அமையுங்கள், இல்லாவிட்டால் பப்ளிகேஷனில் சேர்த்த கணத்திலிருந்து பழைய சர்வரில் அந்த அட்டவணைகளின் அப்டேட்டும் டெலீட்டும் பிழை தரும். மாறும் இரவில் செயலிகளை நிறுத்தி, ரெப்ளிகேஷன் பின்தங்கல் பூச்சியம் ஆனதும், 18 வரையிலான பதிப்புகளில் சீக்வென்ஸ் (தானாக ஏறும் எண்) மதிப்புகளைக் கையால் முன்னேற்றுங்கள். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் அவற்றைக் கொண்டுவராது. இதை மறந்தால் புதிய சர்வரில் போடும் முதல் இன்சர்ட்டிலேயே சாவி மோதல் வரும்.